சூப்பர்சார்ஜர் காரில் கைவைக்கும் முன்: வெப்பம், வாரண்டி, சட்டம்

ஷெவர்லே நிறுவனம் 2015 மாடலாக இறக்கிய கார்வெட் இசட்06, 6.2 லிட்டர் வி8 இன்ஜினின் மேல் ஒரு சூப்பர்சார்ஜரைப் பொருத்தி 650 குதிரைத்திறன் காட்டியது. சாலையிலும் பந்தயத் தடத்திலும் ஓட்டலாம் என்ற விளம்பரத்தை நம்பி வாங்கியவர்களில் பலருக்கு, தடத்தில் இறங்கிய சிறிது நேரத்திலேயே வெப்ப எச்சரிக்கை எரிந்தது. கார் தன் திறனைத் தானே குறைத்துக்கொண்டு ஊர ஆரம்பித்தது. 2017 ஜூன் மாதம் உரிமையாளர்கள் சிலர் புளோரிடாவில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் கூட்டு வழக்குத் தொடுத்தார்கள். அதற்குள் 2017 மாடலில் ஷெவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் பானெட்டின் காற்றுத் திறப்பைப் பெரிதாக்கியிருந்தது, சூப்பர்சார்ஜரின் மூடியையும் மாற்றியிருந்தது.

இந்தக் கார்களும் இவற்றின் உறவுக்காரர்களான ஷெல்பி ஜிடி500, டாட்ஜ் ஹெல்கேட், ஜாகுவார் எஃப்-டைப் போன்றவையும் இன்று கலிஃபோர்னியாவிலும் டெக்சாசிலும் நம்மவர்கள் வீட்டு கராஜ்களில் நிற்கின்றன. பெரும்பாலானவை இரண்டாம் கை. வாங்கிய கையோடு பலரும் செய்வது ஒன்றுதான். ட்யூனிங் கடைக்குப் போய், "சூடாகுது, கூலிங்கை ஏத்துங்க, அப்படியே ஒரு நூறு குதிரையும் சேர்த்துக் கொடுங்க" என்கிறார்கள். இந்த ஒரே வாக்கியத்தில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. குளிர்விப்பைக் கூட்டுவது ஒன்று, திறனைக் கூட்டுவது மற்றொன்று. சட்டமும் வாரண்டியும் காப்பீடும் இரண்டையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. அதைவிட முக்கியம் ஒன்று உண்டு. கார் சூடாவது தயாரிப்பாளரின் குறையாக இருந்தால், நீங்கள் ஸ்பானரை எடுத்த நொடியில் அந்தக் குறைக்கான சாட்சியத்தை நீங்களே அழிக்கிறீர்கள். முதலில் உரிமையைக் கேளுங்கள், பிறகு காரைத் தொடுங்கள் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

சூடு எங்கிருந்து வருகிறது

சூப்பர்சார்ஜர் என்பது இன்ஜினின் கிராங்க் தண்டிலிருந்து பெல்ட் மூலம் சுழலும் காற்று அழுத்தி. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை எல்லோரும் தொட்டுப் பார்த்திருப்போம். இங்கேயும் அதே இயற்பியல்தான். 35 டிகிரி செல்சியஸ் வெளிக்காற்றைச் சதுர அங்குலத்துக்குப் 10 பவுண்டு கூடுதல் அழுத்தத்துக்கு ஏற்றினால், அழுத்தியின் செயல்திறன் 65 சதவீதம் என்று வைத்துக் கணக்கிட, காற்று ஏறத்தாழ 110 டிகிரிக்குப் போய்விடும். இந்தக் கொதிக்கும் காற்று அப்படியே சிலிண்டருக்குள் போனால் இரண்டு கெடுதல். சூடான காற்றில் ஆக்சிஜன் அடர்த்தி குறைவு, அதனால் திறன் குறையும். பெட்ரோல் கலவை பொறி வருவதற்கு முன்போ பொறிக்குப் பிறகு தாறுமாறாகவோ தானே வெடிக்கும் அபாயமும் உண்டு. மெக்கானிக்குகள் இதை "நாக்" என்பார்கள். கடுமையான நாக் தொடர்ந்தால் பிஸ்டனில் ஓட்டை விழும்.

அதைத் தடுக்கத்தான் இன்டர்கூலர். இசட்06 போன்ற கார்களில் அது தண்ணீரால் இயங்குவது. சூப்பர்சார்ஜர் மூடிக்குள் ரேடியேட்டர் போன்ற கட்டிகள் இருக்கும். அவற்றில் ஓடும் கூலன்ட்டுக்குத் தனி மின் பம்ப் உண்டு, காரின் முகப்பில் தனி வெப்பமாற்றியும் உண்டு. இன்ஜினைக் குளிர்விக்கும் பெரிய ரேடியேட்டர் வட்டம் வேறு, இந்தச் சிறிய வட்டம் வேறு. இன்ஜின் ஆயிலுக்கும் கியர்பாக்ஸ் ஆயிலுக்கும் இன்னும் வேறு குளிர்விப்பான்கள். "கார் சூடாகுது" என்று சொல்வது போதாது என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். எது சூடாகிறது? கூலன்ட்டா, ஆயிலா, உள்ளே போகும் காற்றா? காரைச் சோதிக்க டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் மாட்டும் ஒரு சிறிய கருவி இந்த மூன்றின் வெப்பநிலையையும் பதிவு செய்துவிடும். எந்தப் பாகத்தையும் வாங்குவதற்கு முன் அந்தப் பதிவு கையில் இருக்க வேண்டும். அது இல்லாமல் பாகங்களை அடுக்கும் கடையை நம்பாதீர்கள்.

திறனைக் கூட்டும் வழிகளில் மலிவானது சூப்பர்சார்ஜரின் புல்லியைச் சிறியதாக மாற்றுவது. புல்லி சிறுத்தால் சூப்பர்சார்ஜர் வேகமாகச் சுழலும், அழுத்தம் ஏறும். கூடவே வெப்பமும் ஏறும். ஒரு கட்டத்துக்கு மேல் சூப்பர்சார்ஜர் தன் செயல்திறன் எல்லையைத் தாண்டி, காற்றைத் தள்ளுவதைவிடச் சூடாக்குவதையே அதிகம் செய்யும். அதைச் சுழற்றவே இன்ஜின் செலவிடும் திறனும் கூடும். குளிர்ந்த காலையில், திறனை அளக்கும் டைனோ அறையில் விசிறி முன் எடுத்த 750 குதிரை, டெக்சாஸ் மதிய வெயிலில் மூன்றாவது சுற்றில் 600 ஆகிப் போவது இதனால்தான் சாத்தியமாகிறது. கணினி நாக் உணரிகளைக் கேட்டுக்கொண்டே பொறி நேரத்தைப் பின்தள்ளுகிறது. டைனோ தாளில் அது தெரியாது.

தயாரிப்பாளர்கள் இதை நன்றாக அறிவார்கள். 2019 கார்வெட் இசட்ஆர்1-இல் ஜெனரல் மோட்டார்ஸ் திறனை 755 குதிரைக்கு ஏற்றியபோது சூப்பர்சார்ஜரை 1.7 லிட்டரிலிருந்து 2.6 லிட்டருக்குப் பெரிதாக்கியது, காரில் மொத்தம் 13 வெப்பமாற்றிகளை வைத்தது. 2018 டாட்ஜ் டீமனில் ஏசியின் குளிர்வாயுவையே திருப்பிவிட்டு இன்டர்கூலர் தண்ணீரைக் குளிர்விக்கும் அமைப்பு வந்தது. 105 குதிரை கூட்ட ஒரு பெரிய நிறுவனமே இவ்வளவு செய்ய வேண்டியிருந்தது. அதே அளவு கூடுதல் திறனை ஒரு புல்லியும் ஒரு கணினி நிரலும் மட்டும் சேதமில்லாமல் தரும் என்று சொல்லும் கடைக்காரரிடம் கேள்வி கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

பெட்ரோல் விஷயத்திலும் ஒரு எச்சரிக்கை. அமெரிக்க பங்கில் எழுதியிருக்கும் ஆக்டேன் எண் இரண்டு அளவைகளின் சராசரி. இந்தியாவில் எழுதுவது அவற்றில் ஒன்றை மட்டும். அதனால் அமெரிக்காவின் 91, இந்தியக் கணக்கில் ஏறத்தாழ 95 அல்லது 96. கலிஃபோர்னியாவில் பிரீமியம் என்றால் பொதுவாக 91. டெக்சாசிலும் வேறு பல மாநிலங்களிலும் 93 கிடைக்கும். 93-க்கு எழுதிய நிரலை ஏற்றிக்கொண்டு வேலை மாறி சான் ஹோசேவுக்கு வந்துவிட்டு, பங்கில் கிடைத்ததை ஊற்றி ஓட்டுவது இன்ஜினைப் பணயம் வைப்பது. நிரலை எழுதியவரிடம் எந்த ஆக்டேனுக்கு எழுதினார் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

"வாரண்டி போயிடும்" என்பது பாதி உண்மை

டீலர் கவுண்டரில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது. அமெரிக்காவில் 1975-இல் நிறைவேறிய மேக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டம், வேறு நிறுவனத்தின் பாகத்தைப் பொருத்தினாய் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை மொத்தமாக மறுக்க விடுவதில்லை. பொருத்திய பாகம்தான் இந்தப் பழுதை உண்டாக்கியது என்று காட்ட வேண்டியது வாரண்டி கொடுத்தவரின் பொறுப்பு. பெரிய வெப்பமாற்றி பொருத்திய காரில் கதவுக் கண்ணாடி மோட்டார் பழுதானால், அதை மறுக்க யாருக்கும் உரிமை இல்லை. இந்தச் சட்டத்தை அமல்படுத்தும் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2022-இல் ஹார்லி-டேவிட்சன் உள்ளிட்ட நிறுவனங்கள் மீது இதே போன்ற நிபந்தனைகளுக்காக நடவடிக்கை எடுத்து, அவற்றின் வாரண்டி வாசகத்தை மாற்றவைத்தது.

ஆனால் பாதி மட்டும்தான் உண்மை என்றேன். சிறிய புல்லியும் புதிய நிரலும் ஏற்றிய காரில் பிஸ்டன் உருகினால், தயாரிப்பாளர் மறுப்பார். பெரும்பாலும் அந்த மறுப்பு நிற்கும். ஜெனரல் மோட்டார்ஸ் டீலர்கள் வாரண்டியில் இன்ஜினை மாற்றித் தருவதற்கு முன் காரின் கணினியில் உள்ள நிரலின் சரிபார்ப்பு எண்ணைப் படித்து நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். ஆடி, ஃபோக்ஸ்வேகன் டீலர்கள் நிரல் மாற்றம் கண்டால் காரின் பதிவில் "டிடி1" என்று குறி போடுவார்கள். அந்தக் குறி அந்தக் காரை விட்டுப் போகாது, அடுத்த உரிமையாளரையும் தொடரும். டீலரிடம் போகும் முன் பழைய நிரலை ஏற்றிவிட்டால் தெரியாது என்று சிலர் யோசனை சொல்வார்கள். பல கணினிகளில் எத்தனை முறை நிரல் மாற்றப்பட்டது என்ற எண்ணிக்கை தங்கிவிடும். தெரிந்தே மறைத்து வாரண்டி கேட்பது மோசடி. செய்யாதீர்கள்.

ஷெவர்லேயின் பொது வாரண்டி 3 ஆண்டு அல்லது 36,000 மைல், இன்ஜின்-கியர்பாக்ஸ் வாரண்டி 5 ஆண்டு அல்லது 60,000 மைல். இவற்றுக்கு வெளியே பலருக்குத் தெரியாத இன்னொரு பாதுகாப்பு உண்டு. கூட்டாட்சி மாசுக் கட்டுப்பாட்டு வாரண்டி கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் இன்ஜின் கணினியையும் 8 ஆண்டு அல்லது 80,000 மைல் வரை காக்கிறது. அந்தக் கணினிக்குள்தான் ட்யூனர் கைவைக்கிறார் என்பதை நினைவில் வையுங்கள். இருந்த பாதுகாப்பையும் பணம் கொடுத்துக் கெடுத்துக்கொள்வதாகிவிடும்.

மாற்றம் எதுவும் செய்யாத கார் சூடானால் உங்கள் நிலை மிக வலுவானது. அந்த வலு காகிதத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் டீலரிடம் விட்டு, குறையை உங்கள் வார்த்தையில் ரிப்பேர் ஆர்டரில் எழுதவையுங்கள். "பழுது எதுவும் காணவில்லை" என்று அவர்கள் எழுதினாலும் அந்தத் தாளை வாங்கி வையுங்கள். அதுவும் ஒரு முயற்சியாகக் கணக்கில் வரும். எச்சரிக்கை விளக்கின் படம், அன்றைய வெளி வெப்பநிலை, எத்தனை நிமிடம் ஓட்டினீர்கள், ஓபிடி பதிவு எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். வாங்கியபோது கொடுத்த விளம்பரக் கையேட்டையும் தூக்கிப் போடாதீர்கள். சூப்பர்சார்ஜர் இல்லாத 2016 ஷெல்பி ஜிடி350-இன் சில வகைகளில் கியர்பாக்ஸுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் குளிர்விப்பான் இல்லாமல், தடத்தில் திறன் குறைந்தது என்று ஃபோர்டு மீது 2017-இல் தொடுத்த வழக்கில், தடத்துக்கு ஏற்ற கார் என்ற விளம்பரமே மையக் கேள்வியானது. 2023-இல் பதினோராவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் சில மாநில உரிமையாளர்களுக்கு அதைக் கூட்டு வழக்காக நடத்த வழிவிட்டது, வேறு சில மாநிலங்களுக்கு விடவில்லை. விளம்பரத்தை நம்பித்தான் வாங்கினேன் என்று ஒவ்வொருவரும் தனித்தனியே நிரூபிக்க வேண்டுமா என்பதில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறுபடுவதே காரணம். நீங்கள் எந்த மாநிலத்தில் வாங்கினீர்கள் என்பது அவ்வளவு தூரம் பேசும்.

டீலர் மறுத்தால் கேட்க வேண்டியது ஒன்றுதான். எந்தப் பாகம், எந்தப் பழுதை, எப்படி உண்டாக்கியது என்று எழுத்தில் கொடுங்கள் என்று கேளுங்கள். வாய்மொழி மறுப்புக்கு மதிப்பு இல்லை. அடுத்த படி நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவு. அதற்கும் மேலே நடுவர் தீர்ப்புக்கான பிபிபி ஆட்டோ லைன் திட்டம், ஜெனரல் மோட்டார்ஸ் அதில் பங்கேற்கிறது. மேக்னசன்-மாஸ் சட்டத்தில் வழக்கு வென்றால் வக்கீல் கட்டணத்தையும் எதிர்த்தரப்பிடம் நீதிமன்றம் வாங்கித் தர முடியும் என்பதால், இத்தகைய வழக்குகளை முன்பணம் கேட்காமல் எடுக்கும் வக்கீல்கள் இருக்கிறார்கள். நெடுஞ்சாலையில் திடீரென்று திறன் அறுந்தால் அது பாதுகாப்புப் பிரச்சினையும் கூட. தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தில் புகார் பதியுங்கள். காசு கொடுக்க வேண்டியதில்லை. அங்கே சேரும் புகார்கள்தான் பிறகு விசாரணைக்கும் திரும்ப அழைப்புக்கும் அடிப்படையாகின்றன.

கலிஃபோர்னியாவின் எலுமிச்சைச் சட்டம் என்று பேசப்படும் சாங்-பெவர்லி சட்டம், புதிய கார் முதல் 18 மாதம் அல்லது 18,000 மைலுக்குள் ஒரே குறைக்காக நான்கு முறை பழுதுபார்க்கப்பட்டும் தீரவில்லை என்றால், உயிராபத்துக் குறைக்கு இரண்டு முறை என்றால், அல்லது மொத்தம் 30 நாளுக்கு மேல் கடையிலேயே கிடந்தால், உரிமையாளர் பக்கம் சாய்ந்து யூகிக்கிறது. அந்தக் கால எல்லையைத் தாண்டினாலும் வாரண்டிக் காலத்தில் எழுந்த குறைக்கு உரிமை கோரலாம், அந்த யூகத்தின் துணை மட்டும் இருக்காது. 2025 முதல் அமலுக்கு வந்த திருத்தத்தின்படி, புதிய நடைமுறையைத் தேர்ந்தெடுத்த நிறுவனங்களின் கார்களுக்கு வழக்குத் தொடுக்கும் காலவரம்பு சுருங்கியிருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் அந்தப் பட்டியலில் உள்ளன. வாரண்டி முடிந்து ஓராண்டுக்குள் என்று வைத்துக்கொண்டு, தாமதிக்காமல் வக்கீலைப் பாருங்கள்.

எதைத் தொடலாம், எதைத் தொட்டால் குற்றம்

அமெரிக்கத் தூய காற்றுச் சட்டம், சாலைக்காகச் சான்று பெற்ற காரின் மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பைக் கழற்றுவதையும் செயலிழக்கச் செய்வதையும் தடை செய்கிறது. அப்படிச் செய்யும் கருவியை விற்பதும் பொருத்துவதும் குற்றமே. சட்டத்தின் வாசகத்தில் தனியாளுக்கான அபராதம் 2,500 டாலர் வரை. பணவீக்கத்துக்கு ஏற்ப அது உயர்த்தப்பட்டிருக்கிறது. தயாரிப்பாளர்களுக்கும் டீலர்களுக்கும் இன்னும் கடுமை. "சாலைக்கு வெளியே மட்டும் பயன்படுத்த" என்று பெட்டியில் ஒட்டியிருக்கும் தாள், அதைப் பொருத்திச் சாலையில் ஓட்டும் உங்களைக் காப்பாற்றாது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இல்லாத குழாயை எந்த மாநிலத்திலும் சாலைக் காரில் பொருத்த முடியாது.

பெரிய வெப்பமாற்றி, கூடுதல் துணை ரேடியேட்டர், அதிக ஓட்டம் தரும் இன்டர்கூலர் பம்ப், பெரிய கூலன்ட் தொட்டி, ஆயில் குளிர்விப்பான் ஆகியவை பொதுவாக மாசு அமைப்பைத் தொடுவதில்லை. சட்டக் கண்ணில் இவை பாதுகாப்பான பக்கம். குறைந்த வெப்பநிலையில் திறக்கும் தெர்மோஸ்டாட் அந்தப் பட்டியலில் சேராது. இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் போனால் மாசு கூடும், எச்சரிக்கை விளக்கும் எரியும். புல்லி, காற்று உள்ளிழுப்புக் குழாய், கணினி நிரல் ஆகியவற்றுக்குக் கலிஃபோர்னியாவில் காற்று வள வாரியத்தின் நிறைவேற்று ஆணை எண் தேவை. அந்த எண் உங்கள் காரின் ஆண்டுக்கும் மாடலுக்கும் உரியதா என்று வாரியத்தின் இணையதளத்திலேயே பார்க்கலாம். கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் அந்த ஆணையை ஏற்கத்தக்க ஆதாரமாகக் கொள்கிறது. வேறு மாநிலத்தில் இருப்பவர்களும் ஆணை எண் உள்ள பாகத்தையே வாங்குவது நல்லது. கடை "எண் வரப்போகுது, விண்ணப்பம் போட்டிருக்கோம்" என்றால், வந்த பிறகு வருகிறேன் என்று எழுந்து வந்துவிடுங்கள்.

2021 ஜூலை 19 முதல் கலிஃபோர்னியாவின் புகைச் சோதனையில் கணினி நிரலையும் பார்க்கிறார்கள். தயாரிப்பாளரின் நிரலோ ஆணை பெற்ற நிரலோ இல்லாவிட்டால் கார் தோற்கும். தோற்ற கார் பதிவு புதுப்பிக்க முடியாமல் வாசலில் நிற்கும். பழைய நிலைக்குத் திருப்பும் செலவும் உங்கள் தலையில்தான்.

குளிர்விப்புக் கூட்டலிலும் கண்மூடித்தனம் கூடாது. முகப்பில் பெரிய வெப்பமாற்றியை வைத்தால், அதன் பின்னால் நிற்கும் இன்ஜின் ரேடியேட்டருக்குப் போகும் காற்று குறைந்து, ஏற்கெனவே சூடான காற்றே போய்ச் சேரும். உள்ளிழுக்கும் காற்று குளிர்ந்து கூலன்ட் சூடேறிய கதை இப்படித்தான் நடக்கிறது. காற்று வெளியேற வழி இருக்கிறதா, முகப்பின் இடைவெளிகள் அடைக்கப்பட்டிருக்கின்றனவா என்பது பாகத்தின் அளவைவிட முக்கியம். கூலன்ட் வட்டத்தில் காற்றுக் குமிழ் தங்கினால் எவ்வளவு விலை கொடுத்த பாகமும் வேலை செய்யாது. வட்டத்தை முழுமையாகக் காற்று நீக்கி நிரப்பியதைக் கடைக்காரரிடம் ரசீதில் எழுதவையுங்கள்.

கூலன்ட் பற்றி வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்லி வையுங்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், சிறிதளவே நாய்க்கும் பூனைக்கும் உயிர்க்கொல்லி, குழந்தைகளுக்கும் பேராபத்து. கராஜில் சிந்தியதை உடனே துடையுங்கள். சூடான இன்ஜினின் மூடியை எந்த அவசரத்திலும் திறக்காதீர்கள். அழுத்தத்தில் அடங்கியிருக்கும் தண்ணீர் நூறு டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் காத்திருக்கும், மூடி தளர்ந்ததும் முகத்தில் அடிக்கும். பல பந்தயத் தடங்கள் கிளைக்கால் கலந்த கூலன்ட்டை அனுமதிப்பதில்லை. தடத்தில் கொட்டினால் அது எண்ணெய் போல வழுக்கும், பின்னால் வருபவர் உயிருக்கு ஆபத்து. தடத்துக்குப் போகும் முன் அவர்கள் விதியைப் படியுங்கள்.

கடையைத் தேர்ந்தெடுப்பதில் கலிஃபோர்னியாவில் உங்களுக்குத் துணை உண்டு. வாகனப் பழுதுபார்ப்பு வாரியத்தில் பதிவு செய்யாத கடை காசு வாங்கி உங்கள் காரில் வேலை செய்யக் கூடாது. பதிவுள்ள கடை எழுத்தில் மதிப்பீடு கொடுக்க வேண்டும், உங்கள் சம்மதம் இல்லாமல் அதைத் தாண்டக் கூடாது. கழற்றிய பழைய பாகங்கள் வேண்டும் என்று வேலை கொடுக்கும்போதே சொன்னால் திருப்பித் தர வேண்டும். கட்டாயம் கேட்டு வாங்குங்கள். பழைய புல்லியும் பழைய நிரலின் கோப்பும் கையில் இல்லாமல் காரை ஒருநாளும் முந்தைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. வேலை கெட்டால் வாரியத்தில் புகார் செய்யலாம். கலிஃபோர்னியாவில் தனிநபர் 12,500 டாலர் வரையும், டெக்சாசில் 20,000 டாலர் வரையும் வக்கீல் இல்லாமலே சிறு வழக்கு நீதிமன்றத்தில் கேட்கலாம். முன்பணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டினால் மறுப்புத் தெரிவிக்கும் வழியும் கூடுதலாகக் கிடைக்கும். ரொக்கமாகக் கேட்டு ரசீதுக்குத் தயங்கும் கடைக்குக் காரைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

காப்பீட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதுதான் எனக்குக் கவலை. வழக்கமான பாலிசிகள் பந்தயத்தையும், பல பாலிசிகள் தடத்தில் ஓட்டுவதையுமே விலக்கிவைக்கின்றன. ஒரு நாள் தடப் பயணத்துக்குத் தனிப் பாலிசி கிடைக்கும். பொருத்திய பாகங்களைக் காப்பீட்டாளரிடம் சொல்லாமல் விட்டால், விபத்தில் அந்தப் பாகங்களின் விலை கிடைக்காது. கேட்டபோது மறைத்திருந்தால் பாலிசியையே ரத்து செய்யும் வாதம் எழும். மாற்றங்களின் ரசீதுகளோடு அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலையும் பத்திரப்படுத்துங்கள்.

இந்தியாவில் வைத்திருப்போருக்கு

இந்தியாவில் கதை வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் விவரக்குறிப்பிலிருந்து பதிவுச் சான்றின் விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. உண்மையிலேயே குறைபாடுள்ள காருக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 வழிவிடுகிறது. கொடுத்த விலை 50 லட்சத்தைத் தாண்டினால் மாவட்ட ஆணையத்துக்குப் பதில் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். இத்தகைய கார்களின் விலை பெரும்பாலும் அந்த எல்லைக்கு மேல்தான். இரண்டு ஆண்டுக் காலவரம்பு உண்டு. முதல் படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

இரண்டாம் கை வாங்குவோருக்கு

2024 அக்டோபரில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், ஃபியட் கிறைஸ்லர் நிறுவனத்துக்கு எதிரான ரொட்ரிகஸ் வழக்கில், தயாரிப்பாளரின் வாரண்டி மிச்சம் இருக்கிறது என்பதற்காக மட்டும் பழைய கார் எலுமிச்சைச் சட்டத்தின்கீழ் "புதிய கார்" ஆகிவிடாது என்று தீர்ப்பளித்தது. பணத்தைத் திருப்பிக் கொடு அல்லது காரை மாற்றிக் கொடு என்று கேட்கும் வலுவான ஆயுதம் இரண்டாம் கை வாங்கியவரிடம் பெரும்பாலும் இல்லாமல் போகிறது. மிச்ச வாரண்டியும் மேக்னசன்-மாஸ் சட்டமும் துணைக்கு உண்டு, ஆனால் அளவு குறைவு.

அதனால் இசட்06 போன்ற காரை வாங்கும் முன், விற்பவரிடம் நேராகக் கேளுங்கள். கணினி நிரல் மாற்றப்பட்டதா? புல்லி அசலா? எத்தனை முறை தடத்துக்குப் போனது? பதிலைக் குறுஞ்செய்தியில் வாங்குங்கள். பிறகு டீலரிடம் நிரலின் சரிபார்ப்பு எண்ணையும் வாரண்டிப் பதிவையும் பார்க்கச் சொல்லுங்கள். டீலரைச் சாராத மெக்கானிக் ஒருவர் சிலிண்டர் அழுத்தத்தைச் சோதித்து, கூலன்ட்டில் ஆயில் கலந்திருக்கிறதா என்று பார்த்து, இன்டர்கூலர் வட்டத்தில் கசிவு உண்டா என்று சோதிக்கட்டும். கலிஃபோர்னியாவில் சாலைக் காருக்குச் செல்லுபடியாகும் புகைச் சான்றைக் கொடுப்பது பொதுவாக விற்பவரின் கடமை, மாற்றிய நிரல் இருந்தால் அங்கேயே சிக்கும். மாற்றங்கள் இருந்தும் வாங்க விரும்பினால், அசல் பாகங்கள் முழுவதும், ஆணை எண்ணுள்ள தாள்கள், நிரலை எழுதியவரின் கோப்பு ஆகியவற்றை விலையோடு சேர்த்துக் கேளுங்கள். அவை இல்லாத காரின் விலையில், அசல் நிலைக்குத் திருப்பும் செலவைக் கழித்துப் பேசுங்கள்.